தையலைப் பிரிப்பதுதான் வைத்தியம்

கேள்வி: என் மகளுக்கு வயது 26. தலைப்பிரசவம், சிசேரியன். இன்றோடு ஒன்பது நாள். ஆறாம் நாள் ராத்திரி பாவாடையில் ஈரம் பட்டிருந்தது. தையலின் வலது ஓரம் கல் மாதிரி இருக்கிறது, தொட்டால் சுள்ளென்று வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஐந்து நாள் மாத்திரை முடிந்துவிட்டது. நேற்று டாக்டர் அமுக்கிப் பார்த்தபோது மஞ்சளாகச் சீழ் வந்தது. அந்த இடத்தில் இரண்டு மூன்று தையலைப் பிரித்துத் திறந்து விட வேண்டும், தினமும் டிரெஸ்ஸிங் செய்தால் தானாக மூடிவிடும் என்கிறார். "பவர் கூடின ஊசி போட்டால் ஆறாதா? எதற்கு வயிற்றைத் திறக்கணும்? வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்கிறார் சம்பந்தி அம்மா. மகளுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது. எடை 78 கிலோ. குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா? பருப்பு, முட்டை கொடுத்தால் சீழ் கூடுமா? மஞ்சள் பற்றுப் போடலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்கள் டாக்டர் சொல்வது சரி. இன்றைக்கே பிரித்துவிடச் சொல்லுங்கள். நல்ல நாள் பார்த்தோ, இன்னொரு ஊசியைப் போட்டுப் பார்த்தோ தள்ளிப்போட வேண்டாம்.

'வயிற்றைத் திறப்பது' என்று சொல்வதால்தான் இவ்வளவு பயம். சிசேரியனில் கத்தி கடந்து போகும் அடுக்குகள் பல. மேலே தோல், அதன் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே வெள்ளையாக, தடித்த துணி போல ஒரு தசை உறை. பிறகு தசை (இதைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை, விலக்குவதோடு சரி), வயிற்றறைச் சவ்வு, கடைசியில் கருப்பை. வயிற்றைத் தாங்கிப் பிடிப்பது அந்த வெள்ளை உறைதான். அதைத் தனியாக, வலுவான நூலால் தைத்திருப்பார்கள். இப்போது பிரிக்கப்போவது தோல் தையலை மட்டும், அதுவும் ஓரத்தில் இரண்டு மூன்று. உள்ளே குடலோ கருப்பையோ தெரியாது. ஓரிரு விரல் ஆழத்துக்குக் கொழுப்பும் அதில் தேங்கிய சீழும்தான் தெரியும்.

ஊசியால் ஏன் ஆகாது? மாத்திரையோ ஊசியோ, எந்த மருந்தும் ரத்தத்தின் வழியாகத்தான் கிருமியிடம் போய்ச் சேர வேண்டும். சீழ் தேங்கிய குழிக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. மருந்து குழியின் சுவர் வரை வந்து நின்றுவிடும். கசிந்து உள்ளே போகிற கொஞ்சமும் அந்த அமிலக் கூழில் வீரியம் குறைந்துபோகும். அதனால் ஊசி போடும் நாட்களில் காய்ச்சலும் வலியும் சற்றுத் தணியும், நிறுத்தியதும் திரும்பி வரும். இதற்குள் சீழ் பக்கவாட்டில் கொழுப்பை அரித்துக்கொண்டு போயிருக்கும். மூன்று தையலில் முடிய வேண்டியது முழுத் தையலுக்கும் ஆகிவிடும். காலில் முள் ஏறிச் சீழ் கோத்தால் நம் வீடுகளில் முள்ளை எடுத்து, பிதுக்கிவிட்ட பிறகுதானே மருந்து வைக்கிறோம்? இங்கேயும் அதே நியாயம்தான்.

திறந்து கழுவிவிட்ட பிறகு ஆன்டிபயாடிக் இல்லாமலே ஆறிவிடும் தையல் புண்கள் உண்டு. மருந்து கட்டாயம் வேண்டும் என்பதற்குச் சில அளவுகள் இருக்கின்றன: காய்ச்சல் 101.3 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 110க்கு மேல், தையலிலிருந்து 5 செ.மீ.க்கு அப்பாலும் பரவிய வீக்கம், ரத்த வெள்ளை அணுக்கள் 12,000க்கு மேல். உங்கள் மகளுக்குச் சர்க்கரை இருந்ததால் இந்த எல்லைக்கு வருமுன்பே டாக்டர் மருந்து தொடங்கலாம். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருந்து துணைக்குத்தான், திறப்பதற்குப் பதிலாக அல்ல.

'பவர்' என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்பதுதான் கணக்கு. தையல் புண்ணில் அதிகம் காணப்படுவது தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். சிசேரியனில் அதோடு குடல், பிறப்புறுப்புக் கிருமிகளும் சேர்ந்து வரும். ஸ்டாஃபிலோகாக்கஸில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற வகை வழக்கமான மாத்திரைகளுக்கு அடங்காது. ஐந்து நாள் மாத்திரைக்குப் பிறகும் சீழ் வந்திருப்பதால் கல்ச்சர் சோதனை (சீழிலுள்ள கிருமியை லேபில் வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது) அவசியம். திறக்கும்போதே, புது மருந்து தொடங்குமுன், குழியைக் கழுவிவிட்டு ஆழத்திலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். மேலே காய்ந்த பொருக்கைத் துடைத்த பஞ்சை லேபுக்கு அனுப்பினால் தோலில் எப்போதும் இருக்கிற கிருமிதான் வளரும். அந்த ரிப்போர்ட்டை நம்பி மருந்து கொடுத்தால் காசும் நாளும் வீண். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உள் உறை நல்லா இருக்கா, விரல் விட்டுப் பார்த்தீங்களா?" உறை முழுசாக இருந்தால் வீட்டு டிரெஸ்ஸிங்கே போதும். உறையில் ஓட்டை இருந்தாலோ, அதன் கீழிருந்து சீழ் வந்தாலோ, அது ஆபரேஷன் தியேட்டரில் பார்க்க வேண்டிய விஷயம்.

உங்களைப் போல இன்னும் பலர் குழம்புவதால், சாதாரண ஆறுதலுக்கும் சீழுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று நான்கு நாள் தையலை ஒட்டி லேசான வீக்கமும் சூடும் இருக்கும். அது உடம்பு தன்னைத் தைத்துக்கொள்வது. அந்த வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி ஐந்தாம் நாளுக்குப் பிறகு மறுபடி ஏறினால் சந்தேகப்படுங்கள். 'சிவந்திருக்கும்' என்று புத்தகங்களில் எழுதியிருப்பது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, கத்தரிப்பூ நிறத்திலோ, இழுத்துக் கட்டினாற்போலப் பளபளவென்றோ இருக்கும். கண்ணைவிடக் கை நம்பகமானது. புறங்கையை முதலில் நல்ல பக்கம் வைத்து, பிறகு வலிக்கிற பக்கம் வையுங்கள். சூடு வித்தியாசம் உடனே தெரியும். கெட்டியான இடத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் மணியும் எழுதுங்கள். மறுநாள் வீக்கம் கோட்டைத் தாண்டியிருந்தால் அது பரவுகிறது.

கசிவது எல்லாம் சீழும் அல்ல. வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் என்றால் கொழுப்புக்கிடையில் தேங்கிய நிணநீர். கறுத்த, கெட்டியான ரத்தம் என்றால் உள்ளே கட்டியிருந்த ரத்தம் வழி கண்டுபிடித்திருக்கிறது. இரண்டையும் டாக்டரிடம் காட்ட வேண்டும், அவசரம் இல்லை. கொழகொழவென மஞ்சளாக, நாற்றத்தோடு வந்தால் சீழ். ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள், அதிலும் நெடுக்காகக் கீறிய வயிற்றில், இளஞ்சிவப்பு நீர் திடீரென்று கட்டை நனைத்தால் அது வேறு. உள் உறைத் தையல் விட்டுவிட்டது என்பதற்கு அது முன்னறிவிப்பு. படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, வாய்க்கு எதுவும் கொடுக்காமல் 108ஐ அழையுங்கள். குடல் எட்டிப் பார்த்தால் உள்ளே தள்ளாதீர்கள். கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடுங்கள்.

காய்ச்சல் பார்க்கும்போது ஒரு நுணுக்கம். வலிக்குக் கொடுக்கும் பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் எல்லாம் காய்ச்சலையும் அமுக்கிவிடும். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் தெர்மாமீட்டர் வைத்துவிட்டு 'காய்ச்சல் இல்லை' என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பு பாருங்கள். தையல் நன்றாக இருந்தும் காய்ச்சல் அடித்து, அடிவயிறு வலித்து, தீட்டில் துர்நாற்றம் வந்தால் கிருமி கருப்பைக்குள் இருக்கிறது என்று பொருள். அதற்கு ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட வேண்டும்.

இனி டிரெஸ்ஸிங். முதல் இரண்டு மூன்று நாள் நர்ஸ் செய்வதை அருகில் நின்று பாருங்கள். வீட்டில் ஒரே ஆள் செய்வது நல்லது. அரை மணி முன்பு ஒரு பாராசிட்டமால் கொடுங்கள். மோதிரம், வளையல் கழற்றி, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுங்கள். பழைய காஜ் துணி ஒட்டியிருந்தால் பிய்க்காமல் சலைனை (உப்பு நீர்) ஊற்றி ஊற வையுங்கள். பிய்த்தால் சீழோடு புதுச் சதையும் வந்துவிடும். கடையில் கிடைக்கும் சலைன் பாட்டிலே போதும். இல்லையென்றால் அரை லிட்டர் தண்ணீரைப் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு போட்டு, மூடி ஆறவையுங்கள். அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

ஊசி மாட்டாத 20 மி.லி. சிரிஞ்சில் அந்த நீரை எடுத்து, குழியின் அடி வரை பீய்ச்சுங்கள். திரும்பி வரும் நீர் தெளியும் வரைக்கும், சுமாராக நூறிலிருந்து இருநூறு மி.லி. ஆகும். பிறகு சலைனில் நனைத்துப் பிழிந்த காஜ் துணியைக் குழிக்குள் தளர்வாக வையுங்கள். தலையணைக்குப் பஞ்சு அடைப்பது மாதிரி திணிக்கக் கூடாது. திணித்தால் சீழுக்கு வழி அடைபடும், சுவரின் ரத்த ஓட்டமும் நிற்கும். துண்டு துண்டாக வைக்காமல் நீளமான ஒரே துணியாக வைத்து நுனியை வெளியே விடுங்கள். உள்ளே மறந்துபோன ஒரு சிறு துண்டே மாதக்கணக்கில் சீழ் வடிய வைக்கும். இது நடக்கிற தவறுதான். எத்தனை வைத்தோம், எத்தனை எடுத்தோம் என்று எழுதி வையுங்கள். மேலே காய்ந்த பட்டை, அதன் மேல் மைக்ரோபோர் பிளாஸ்திரி. சீழ் வரும் நாட்களில் காலை மாலை இரு வேளை, குறைந்ததும் ஒரு வேளை.

ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்தால் கிருமி சாவது போலத்தான் இருக்கும். அது புதுச் சதையையும் சேர்த்தே கொல்கிறது. தினமும் ஊற்ற வேண்டாம். ஸ்பிரிட்டும் அப்படியே. பொவிடோன் அயோடின் தோலின் மேல் தடவலாம். திறந்த குழியில் தினந்தோறும் நிரப்பினால் அயோடின் உடம்பில் ஏறிப் பால் வழியாகக் குழந்தையின் தைராய்டைத் தொட வாய்ப்புண்டு. பால் கொடுக்கும் தாய்க்கு அது தேவையே இல்லை. ஆன்டிபயாடிக் பவுடர் கசிவோடு சேர்ந்து கட்டிதட்டி மூடியாகிவிடும், அடியில் சீழ் தங்கும். மஞ்சள் பற்று செய்வதும் இதையேதான். மஞ்சளுக்குக் கிருமியை எதிர்க்கும் குணம் உண்டு என்பது பொய்யல்ல. ஆனால் அரைத்த அம்மி, கலந்த தண்ணீர், எடுத்த கை மூன்றும் கிருமி இல்லாதவை என்று யாராலும் சொல்ல முடியாது. அதோடு அந்த நிறம் உள்ளே என்ன நடக்கிறது என்பதையே மறைத்துவிடும். சாணச் சாம்பல் பக்கமே போக வேண்டாம். அதில் டெட்டனஸ் விதைகள் இருக்கும்.

'காற்றாட விட்டால் ஆறும்' என்பார்கள். காய்ந்த குழி ஆறாது. ஈரப்பதத்தில்தான் புதுச் சதை ஊர்ந்து வளரும். காய்ந்திருக்க வேண்டியது சுற்றியுள்ள தோல். உங்கள் மகளின் எடைக்கு வயிறு மடிந்து தையலின் மேல் விழும் என்று நினைக்கிறேன். அந்த மடிப்பில் வியர்வை தேங்குவதுதான் பாதிச் சிக்கல். குளித்ததும் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி, மடிப்பில் ஒரு பருத்தித் துணியை மடித்து வைத்து, ஈரமானதும் மாற்றுங்கள். வயிற்றுக்கு பெல்ட், புடவைக் கட்டு எல்லாம் புண் மூடும் வரை தள்ளி வையுங்கள். தினம் குளிக்கலாம். வேது தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க அடிவயிற்றில் அடிப்பது மட்டும் கூடாது. சிசேரியனுக்குப் பிறகு தையலை ஒட்டிய தோலுக்குப் பல மாதம் உணர்ச்சி குறைவாக இருக்கும். வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் சூடு அதிகம் என்று தெரியும்.

நாலைந்து நாளில் குழியின் அடி மாதுளை முத்து பரப்பியது போலச் சிவப்பாக, பொடிப்பொடியாகத் தெரியத் தொடங்கும். தொட்டால் லேசாக ரத்தம் கசியும். நல்ல அறிகுறி. அங்கங்கே ஒட்டியிருக்கும் மஞ்சள் சவ்வைச் சீழ் என்று எண்ணிச் சுரண்ட வேண்டாம், டாக்டர் பார்த்து எடுப்பார். துணியில் பச்சை நிறக் கறையும் பழம் அழுகினாற்போன்ற இனிப்பு வாடையும் வந்தால் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி சேர்ந்திருக்கிறது. டிரெஸ்ஸிங் முறையை மாற்ற வேண்டியிருக்கும், காட்டுங்கள். ஆழத்தைப் பொறுத்து மூட மூன்று வாரமும் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம். ஒரு வாரத்தில் குழி சுத்தமாகிவிட்டால் மறுதையல் போட்டு நாளைக் குறைக்கவும் முடியும். அதைக் கேட்டுப் பாருங்கள். சீழ் இருக்கும்போதே தைத்து மூடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

ராத்திரி என்று பாராமல் ஓட வேண்டிய நிலை ஒன்று உண்டு. பார்வைக்குப் புண் சின்னதாக இருக்கும், வலி தாங்க முடியாததாக இருக்கும். தோல் சாம்பலாகவோ ஊதாவாகவோ மாறி, கொப்புளம் எழும். அமுக்கினால் நறநறவென்று இருக்கும். வருவது கெட்டிச் சீழாக இல்லாமல் கழுநீர் போல ஓடும். ஆள் தளர்ந்து, மூச்சு வாங்கி, பேச்சு குழறும். தசை உறையை அழுகவைத்துக்கொண்டே பரவும் தொற்று இது. கோடு போட்டு மறுநாள் பார்க்க அவகாசம் தராது, மணிக்கணக்கில் பரவும். செத்த சதையை உடனே வெட்டி எடுத்தால்தான் உயிர் தப்பும். வழக்கமான தையல் சீழ் முதல் இரண்டு நாளில் வருவது அரிது. இது அந்த இரண்டு நாளுக்குள்ளேயே வரக்கூடும்.

சாப்பாட்டுக்கு வருவோம். பருப்பு, முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் கோக்கும் என்பது வழிவழியாக வந்த பேச்சு, உண்மை இல்லை. சதை வளர்வதற்கான சரக்கே அவைதான். பால் கொடுத்துக்கொண்டு, புண்ணையும் ஆற்ற வேண்டிய உங்கள் மகளுக்கு நாளொன்றுக்கு 80 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் மீனில் 20, அரை லிட்டர் பாலில் 16, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, ஐம்பது கிராம் பருப்பில் 11, மீதி இட்லி, சோற்றில் வந்துவிடும். பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் தாராளமாகக் கொடுங்கள். நம் பாட்டிமார் வழக்கத்தில் அது உருப்படியானது. வெறும் மிளகு ரசச் சோறும் சுட்ட அப்பளமுமாக நாற்பது நாள் ஓட்டும் பத்தியம்தான் புண்ணுக்கு எதிரி. நெல்லிக்காய், கொய்யா சேருங்கள். தண்ணீரை அளக்காதீர்கள். இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கர்ப்பச் சர்க்கரை பிரசவத்தோடு பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் உடம்பில் சீழ் இருக்கும்போது மறுபடி ஏறும். வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி கழித்தும் பாருங்கள். 180ஐத் தாண்டினால் வெள்ளை அணுக்கள் கிருமியோடு சண்டை போடும் வேகம் குறையும். டாக்டரிடம் சொன்னால் சில நாள் இன்சுலின் தேவைப்படலாம், அதுவும் பாலுக்குப் பாதகமில்லை.

பால் தாராளமாகக் கொடுக்கலாம். தையல் சீழ் பாலில் கலக்காது. வழக்கமாக எழுதும் செஃபலெக்சின், அமாக்சிசிலின்-கிளாவுலனேட் போன்றவை பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடியவை. குழந்தைக்குச் சற்று இளகி மலம் போகலாம், வாயில் வெள்ளை படியலாம். படிந்தால் காட்டுங்கள். படுத்துக்கொண்டு ஒருக்களித்தோ, குழந்தையின் கால் தாயின் முதுகுப் பக்கம் போகும்படி கக்கத்தில் இடுக்கியோ கொடுத்தால் காலால் தையலை உதைக்காது. டிரெஸ்ஸிங் செய்த கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்க வேண்டாம். தொப்புள் ஆறும் வரை கிருமிக்கு அதுதான் வாசல்.

சம்பந்தி அம்மாவின் கோபமும் புரிகிறது. உலக சுகாதார அமைப்பு 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, வளரும் நாடுகளில் அறுவை செய்துகொள்பவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேருக்குத் தையலில் தொற்று வருகிறது. ஆஸ்பத்திரியின் சுத்தக்குறைவும் காரணமாகலாம், சர்க்கரையும் எடையும் காரணமாகலாம். கேள்வி கேட்பது உங்கள் உரிமை. ஆனால் எந்த அடுக்கை எந்த நூலால் தைத்தார் என்று தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்து சரியான யோசனையும் சொல்லும்போது, இந்த வாரம் ஆஸ்பத்திரி மாற்றுவதால் லாபமில்லை.

எல்லாம் மூடி ஒன்றிரண்டு மாதம் கழித்து அதே தழும்பில் சிறு கட்டி எழுந்து, உடைந்து, நீர்த்த கசிவு வந்து, மூடி மறுபடி எழுந்தால் அதைப் பழைய சீழ் என்று எண்ணி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். உள்ளே கரையாத நூல் முடிச்சாக இருக்கலாம். காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான ஒரு வகையாகவும் இருக்கலாம். சரியாகக் கிருமி நீக்காத கருவிகள், குழாய்த் தண்ணீர் வழியாக அது வரும். லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) துளைகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். சாதாரண ஆன்டிபயாடிக் அதற்குக் கேட்காது. அதில் பல இனங்கள் வழக்கமான டி.பி. மாத்திரைக்கும் அடங்காது. சதைத் துணுக்கெடுத்து, அந்தக் கிருமிக்கென்று தனியாகச் சொல்லிக் கல்ச்சர் வைத்து, கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகளைச் சேர்த்து மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். மாதவிடாய் நாட்களில் மட்டும் வீங்கி வலிக்கும் கட்டி என்றால் அது தொற்றே அல்ல. தழும்பில் ஒட்டிக்கொண்ட கருப்பை உட்சவ்வு அது. எதுவானாலும் அப்போது போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியும் இந்த வாரக் கல்ச்சர் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். இரண்டையும் இன்றைக்கே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.